காதைக் காட்டச் சொன்ன பரீட்சை

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் பரீட்சை மேற்பார்வைக்குப் போய்வந்தேன். லண்டனின் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அண்ணைதான் அந்த வேலையைப் பிடித்துத் தந்தார். தன் காரிலேயே ஏற்றிக்கொண்டும் போவார். கணக்காளராக இருந்த எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. மேசைகள், விடைத்தாள்கள், எரியாத விளக்குகள், எல்லாம்.

அன்று மண்டபத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர். எழுதத் தொடங்கிச் சற்று நேரத்தில் அண்ணை ஒரு கறுப்பின மாணவியின் அருகில் போய் நின்றார். அவள் தலை நிறையச் சிறு பின்னல்கள். காதுகளை மூடிக் கிடந்தன. காதுக்குள் எதையாவது செருகியிருக்கிறாளா என்று பார்க்க, பின்னல்களைத் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினாள். ஒன்றுமில்லை. மற்றக் காதையும் காட்டச் சொன்னார். அதிலும் இல்லை. அதன்பின் அவள் நெடுநேரம் பேனையைத் தொடவில்லை.

அவளுக்கு முன் இருவரை அப்படிச் சோதித்திருந்தார். மூவருமே கறுப்பினத்தவர். தலைமுடியை விரித்துப் போட்டபடி எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகள் பதினேழு பேர் இருந்தார்கள். அவர்களுடைய காதுகளை யாரும் தேடவில்லை.

அவள் முறைப்பாடு செய்தாள். எங்களை விசாரணைக்கு அழைத்தார்கள். காரில் அண்ணை சொன்னார்:

"ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லிவிடும். உமக்கேன் வீண் சோலி?"

"கண்டனான் அண்ணை."

"எண்ணிற வியாதி உமக்கு. பேப்பரை எண்ணும், ஆக்களை எண்ணாதையும்."

பழக்கத்தில் சிரித்துவிட்டேன். பிறகு, "நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதுசில கடையளுக்குள்ள எங்களுக்குப் பின்னாலயும் வந்து பாத்தவங்கள்தானே?" என்றேன்.

"அது வேற," என்று வானொலியைப் போட்டார்.

விசாரணை மேசையில் ஆறு பேர். அவர்களில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. அவள் எதிரே தனியாக இருந்தாள். கண்டதைச் சொன்னேன். இதை இனவாதம் என்று நினைக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். சுற்றிவளைத்துப் பேச எனக்குத் தெம்பு இருக்கவில்லை. ஆம் என்றேன்.

முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். எங்கள் எல்லோருக்கும் கணினியில் ஒரு பயிற்சி. அந்தப் பாடத்தை அவள் கோடையில் திரும்ப எழுதலாம் என்றார்கள். அதாவது, பிழை விட்டவர் கணினியில் சில பொத்தான்களை அழுத்த வேண்டும். அவளோ முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும்.

அதன்பின் அண்ணையின் கார் என் வாசலில் நிற்பதில்லை. முழங்கால் வலியோடு இரண்டு ரயில் மாறிப் போகிறேன்.

கோடைப் பரீட்சைக்கு ஒன்பது பேர்தான். வாசலில் மாணவர் அடையாள அட்டை பார்ப்பது என் வேலை. அவள் வந்தாள். பின்னல்களை எல்லாம் உச்சியில் உயர்த்திக் கட்டியிருந்தாள். அட்டையை நீட்டிவிட்டு, நான் கேட்காமலே தலையை ஒருமுறை வலப்பக்கம் திருப்பினாள், பிறகு இடப்பக்கம்.