குழுவில் நாலாவது ஆள்

ரப்பர் பால் வெட்டப் போகச் சொல்லி அம்மா பிரேமலதா சண்டை போட்டதால், மகன் சுரேந்திரன் கொழும்புக்குப் போய்விட்டான். அவள் அழைப்பை அவன் எடுப்பதே இல்லை. றக்வானை ரப்பர் தோட்டத்தில் அவள் தனியாகத்தான் பால் வெட்டுகிறாள்.

பக்கத்து வீட்டு சசிதான் அவள் போனில் மகன் விளையாடும் துப்பாக்கி விளையாட்டைப் போட்டு, ‘ராஜா’ என்ற பெயரில் சுரேந்திரனின் நாலு பேர் குழுவில் சேர்த்துவிட்டாள். பிரேமலதாவுக்குச் சுடத் தெரியாது. மகனுக்குப் பின்னாலேயே ஓடி, அவன் குரலைக் கேட்பாள்.

“ராஜா, என் பின்னாலயே வா மச்சான்” என்பான். அவளுக்கு அது போதும்.

நேற்று அப்டேட் வந்தது. பேசாதவர்களைக் குழுவைவிட்டுத் தூக்கலாமாம். எவன் கேட்டான் இந்தப் பாழாய்ப்போன அப்டேட்டை?

இன்று மழை, வேலை இல்லை. விளையாட்டு தொடங்கியதும் சுரேந்திரன் சொன்னான்.

“ராஜா, மைக்க போடு. பேசாதவன வச்சுக்க மாட்டோம்.”

மைக்கைப் போட்டாள். கூரைத் தகரத்தில் மழை இரைவது மட்டும் அவனுக்குக் கேட்டது.

“அப்ப தூக்கிறவா?”

“என்னைய தூக்கிறாதப்பா.”

திரையில் சுரேந்திரனின் ஆள் அசையாமல் நின்றான். எதிரிகள் சுடத் தொடங்கினார்கள்.

சுடத் தெரியாத பிரேமலதா ஓடிப்போய் மகனுக்கு முன்னால் நின்றாள்.