பூச்சி அரித்த எழுத்து

பாறசாலை சந்தை முக்கில் முதன்முதலில் அச்சகம் வைத்தவர் குற்றாலிங்கம் பிள்ளை. பார்ப்பவரிடமெல்லாம் இதை அவரே சொல்லுவார். எதிர்வரிசையில் பொன்னுதாஸ் அச்சகம் போட்ட பிறகு கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

பொன்னுதாஸிடம் இருந்ததெல்லாம், கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன ஒரு சர்க்கஸ் கம்பெனி விற்ற ஒரு பெட்டி மர எழுத்துதான். வெள்ளைக்கார சர்க்கஸ் நோட்டீஸ் பாணியில் செதுக்கிய தமிழ் எழுத்து. உள்ளங்கை உயரம், ஒடுங்கிய இடுப்பு, பூட்ஸ் போட்டதுபோலத் தடித்த பாதம். பாதியைப் பூச்சி அரித்திருந்தது. 'த' குறுக்கே வெடித்திருந்தது. அச்சடித்தால் விரிசலெல்லாம் வெள்ளையாக விழும். குப்பை என்றார் பிள்ளை.

அந்தக் குப்பையைத்தான் ஊர் கேட்டது. மலையாள அரசின் கீழ் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கூட்டமும் ஊர்வலமுமாகக் கிடந்த வருஷங்கள் அவை. நோட்டீஸ் அடிக்க வந்த தங்கையன், பிள்ளையின் பளபளக்கும் ஈய எழுத்துகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணாச்சி, ஒம்ம எழுத்து கல்யாணக் குறி அடிக்கக் கொள்ளாம். போராட்டத்துக்குப் பொன்னுதாசுக்க எழுத்துதான் வேணும். அதைப் பாத்தா அடிவாங்கின ஆளு எழும்பி நிக்கியது போல உண்டு."

பிள்ளைக்கு வயிறு எரிந்தது. சுவரில் இருந்த பொன்னுதாஸின் நோட்டீஸை உரித்து வந்து, கஞ்சித்தண்ணி தடவிப் பலாப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டோடு கோடாக உளியால் வெட்டினார். நல்ல எழுத்தாக வெட்டியிருந்தால் தப்பியிருப்பார். பொறாமைக்கு அது போதவில்லை. பொன்னுதாஸிடம் உள்ள ஒரு விரிசல்கூடத் தன்னிடம் இல்லாமல் போகக் கூடாது. குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பூச்சித் துளையும் போட்டார்.

"நல்ல பலாத்தடியில ஆராவது பூச்சி அரிப்பு உண்டாக்குவாவளா? உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சாச்சு" என்றாள் மனைவி கோமளவல்லி.

எழுத்து தயாரான வாரமே கூட்டங்களுக்குத் தடை வந்தது. தடையை மீறக் கூப்பிட்டு, அச்சகப் பெயரில்லாத நோட்டீஸ் ஒன்று சுவர்களில் ஏறியது. அடித்தது பொன்னுதாஸ் என்று பார்த்ததுமே பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அவன் கெட்டிக்காரன், பெட்டியை முன்கூட்டியே காட்டாக்கடை ஊருக்குக் கடத்திவிட்டான். அவன் அச்சகத்தில் ஒன்றும் கிடைக்காத இன்ஸ்பெக்டர் பிள்ளையின் அச்சகத்துக்குள் நுழைந்தார். மர 'த'வில் மை தடவித் தாளில் ஒற்றி, நோட்டீஸோடு சேர்த்துப் பிடித்தார். விரிசலுக்கு விரிசல், துளைக்குத் துளை சரியாக இருந்தது.

"இது ஆருடே எழுத்தாணு?" என்று மலையாளத்தில் கேட்டார்.

வாசலில் ஊரே கூடியிருந்தது. முகம் வெளிறிப் பொன்னுதாஸும் நின்றான். உண்மையைச் சொன்னால் தப்பலாம். ஆனால் அவன் எழுத்தைப் பார்த்து வெட்டினேன் என்று அவன் காதுபடவே சொல்ல வேண்டும்.

"எனக்க எழுத்தாக்கும்" என்றார். "நோட்டீஸும் நான் அடிச்சதாக்கும்."

தங்கையன்தான் முதலில் கைதட்டினான். எங்கிருந்தோ ஒரு அரளி மாலை வந்து பிள்ளையின் கழுத்தில் விழுந்தது. ஜீப்பில் ஏறும்போது அவர் திரும்பிப் பார்த்தார். தான் அடித்த நோட்டீஸுக்கு எதிர்க்கடைக்காரர் மாலை வாங்குவதைப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்க வழியில்லாமல் நின்றான் பொன்னுதாஸ். அந்த முகம் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த முகம். இத்தனை மாதமும் சவரக் கண்ணாடியில் அவர் பார்த்தது அதைத்தான்.