புல்வெளியில் கேட்ட ஹா... ஹா

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகளைச் சேலையில் படம் எடுக்க, ரொறன்ரோவில் உள்ள ஒரு பழைய மாளிகைக்குப் போயிருந்தோம். இங்கிலாந்துப் பிரபுக்களின் நாட்டுப்புற வீட்டைப் பார்த்து அப்படியே கட்டியதாம். கொடி படர்ந்த செங்கல் சுவர், கூரையில் வரிசையாகப் புகைபோக்கிகள், பக்கத்தில் ரோஜாப் பாத்திகள். ஆனால் ஆளை அசத்துவது புல்வெளிதான். வாசற்படியில் நின்று பார்த்தால் வேலியோ மதிலோ கண்ணில் படாது. தூரத்து மரங்கள்வரை ஒரே பச்சை.

மருமகன் படியில் நின்று கமெராவைப் பிடித்தார். மகள் புல்லில் அவரைப் பார்த்தபடி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போம்... இன்னும் கொஞ்சம்..."

வயிற்றில் கைவைத்தபடி அவள் மெல்ல மெல்லப் பின்னால் போனாள்.

அப்போது ரோஜாப் பாத்திப் பக்கமிருந்து வெள்ளைக்காரத் தோட்டக்காரர் ஒருவர் கைகளை வீசிக்கொண்டு "ஹா... ஹா! ஹா... ஹா!" என்று கத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் எனக்குக் கோபக்காரி என்றுதான் பெயர். வயிறும் சேலையுமாக நிற்கிற பிள்ளையைப் பார்த்து ஒருவன் கெக்கட்டமிட்டுச் சிரித்தால் விடுவேனா?

"வா பிள்ளை இஞ்சால! உவன் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். உந்தப் படமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்!"

"அம்மா, ப்ளீஸ்! எல்லாரும் பாக்கினம்" என்று முணுமுணுத்தாலும், என் வாய்க்குப் பயந்து மகள் என்னிடம் வந்துவிட்டாள்.

தோட்டக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை, வெளிறிப்போயிருந்தது. மகள் நின்ற இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். அதற்குப் பின்னால் இரண்டடி தள்ளி, நிலம் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக இறங்கியது. கல் மதில், கீழே பள்ளம், அதற்கப்பால் மறுபடியும் புல். அந்தக் காலத்தில் ஆடு மாடு தோட்டத்துக்குள் வராமலும், வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் கண்ணை வேலி மறைக்காமலும் இருக்க இப்படிக் கட்டுவார்களாம். அந்தப் பள்ளத்து மதிலுக்கு ஆங்கிலத்தில் பெயரே 'ஹா-ஹா'வாம். 'ஹா-ஹா இருக்கு, கவனம்' என்றுதான் கத்தியிருக்கிறார். காற்றில் எங்களுக்குப் பாதிதான் கேட்டது.

"மாமி, நான்தானே பின்னுக்குப் போகச் சொன்னனான்..." என்றார் மருமகன். நான் மகளின் வயிற்றில் கைவைத்தேன். உள்ளே பிள்ளை நன்றாக ஓர் உதை விட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. தோட்டக்காரரின் மண் ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் ஏன் கத்தினேன் என்று மகள் அவருக்கு விளங்கப்படுத்த, அந்த மனிதர் இப்போது உண்மையாகவே வாய்விட்டுச் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

பேத்திக்கு மூன்று வயதாகப் போகிறது. என் கோபத்தை வீட்டில் எல்லோரும் இன்னும் குறை சொல்கிறார்கள், மகளைத் தவிர. குழந்தை ஹா ஹா என்று சிரிக்கும்போதெல்லாம், அன்று எங்களைப் பார்த்துச் சிரிக்காத அந்த மனிதரை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.