பிரேக்ல இருக்காரு

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் ஓர் அறையில் நானும் சிங்காரப்பேட்டைக்கார அண்ணன் ஒருவரும் தங்கியிருந்தோம். கார் பாகங்கள் செய்யும் ஒரே கம்பெனியில் இருவரும் கான்ட்ராக்ட். பெர்மனென்ட் கேட்கிற அளவுக்கு எவனுக்கும் நாள் சேர விடமாட்டார்கள். அதற்கு முன்னாலேயே சில வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தால் புது டோக்கன், மறுபடி முதல் நாள். அதற்குப் பேர் பிரேக்.

அண்ணனுக்கு பிரேக் விட்ட வாரம் நான் ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். சாகாதவர்களின் கதை. சாவு கிடையாது, ஆனால் நூறு வருஷத்துக்கு ஒருமுறை நினைவு மொத்தமும் அழிந்துவிடும். பெண்டாட்டி, பிள்ளை யாரையும் தெரியாது. நினைவு அழிந்தவர்களுக்குப் புதுப் பேர் எழுதிக்கொடுக்க ஒரு குமாஸ்தா. எல்லாம் தெரிந்தவன், எதையும் சொல்லமாட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ‘சொல்லித் தொலையேன்டா’ என்று புத்தகத்தைச் சுவரில் வீசினேன். பிறகு நானே எடுத்துத் தூசி தட்டிப் படித்தேன். இப்படியெல்லாம் ஒருத்தனால் யோசிக்க முடியுமா என்றிருந்தது, ஆனால் படித்தால் சோறு இறங்கவில்லை. அண்ணனிடம் கதையைச் சொன்னேன். நம்ம எச்.ஆர். எழுதினதா என்று கேட்டுச் சிரித்தார்.

அண்ணனுக்குப் பேரிகை கிராமத்தில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணும் ஓசூரில் வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்ட்தான். தான் படுவது போதும், வருகிறவனாவது பெர்மனென்டாக இருக்கட்டும் என்றாளாம். தரகர் அண்ணன் பெர்மனென்ட் என்றே சொல்லி வைத்துவிட்டார். அவள் அப்பா விசாரிக்க வந்த காலையில் அண்ணன் வேலை தேடி அத்திப்பள்ளி போயிருந்தார். நான் மட்டும் நாவலோடு உட்கார்ந்திருந்தேன்.

தெலுங்கு கலந்த தமிழில், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். இந்த ஊரில் பிரேக் தெரியாதவர் உண்டா என்ற நினைப்பில் உளறிவிட்டேன்.

“இப்ப பிரேக்ல இருக்காருங்க.”

அவர் முகம் மலர்ந்துபோனது. வண்டிக்கு உயிரே பிரேக்தானே, பொறுப்பான செக்‌ஷனாச்சே என்றார். ராகி வயலை விட்டு வராத மனுஷன். ‘இல்லைங்க’ என்பது தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அண்ணன் கல்யாணம் போச்சு. டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அப்படியே இருக்கட்டும்டா. கால்ல வேணா உழறேன்.”

வயசில் மூத்தவர் அழுதால் நான் என்ன செய்ய?

நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அப்பா என்னை இழுத்துக்கொண்டு போய் உறவுக்காரர்கள் முன்னால் நிறுத்தினார்.

“நம்ம மாப்ள பிரேக்ல பெர்மனென்ட். இந்தத் தம்பிதான் சொல்லுச்சு.”

எல்லாரும் தலையாட்டினார்கள். பெண் மட்டும் சட்டென்று நிமிர்ந்தாள். அவளே மூன்று பிரேக் பார்த்தவள். என்னைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் சந்தோஷத்தைப் பார்த்தாள். மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

தட்டு மாற்றினார்கள்.