எதிர் வீட்டு வாசலில் எங்கள் கார்

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு வழியாக அதுவரை தெருக்காரர்களும் கோயிலுக்கு வருகிறவர்களும்தான் போய்வந்தார்கள். குழாய் பதிக்கப் பக்கத்துப் பெரிய சாலையைத் தோண்டியதும், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வண்டிகளையெல்லாம் செல்போன் மேப் எங்கள் தெருவுக்குள் திருப்பிவிட்டது. தெரு நேராக இருக்கும். முனையில் திரும்பியதுமே முறுக்கிக்கொண்டு பறப்பார்கள். காலையில் கோலம் போடக் குனிந்தால் முதுகுக்குப் பின்னால் காற்று அடிக்கும்.

ஒரு சனிக்கிழமை, காய்கறிப் பையோடு தெருவைக் கடந்த எதிர் வீட்டு மாமியை ஒரு ஸ்கூட்டர் இடித்துத் தள்ளிவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். ஓட்டி வந்தவன் மாமியைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தான். மாமி வலது கையை மடியில் ஏந்திக்கொண்டு, "அவனத் திட்டாதீங்கோ, பயந்து போயிருக்கான்" என்றாள். மாமா வெளியே போயிருந்தார். நானும் என் கணவரும் எங்கள் காரிலேயே மாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது.

அந்தக் காரால்தான் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது. மாமாவிடம் கார் கிடையாது; ஆனால் தன் வாசலில் அடுத்தவர் வண்டி நின்றால் பொறுக்கமாட்டார். எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த ஒருநாள் காரை அங்கே நிறுத்தப்போய் வார்த்தை தடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு விரைந்து வந்தபோதும் மாமா என் கணவரைப் பார்த்துத் தலையை அசைத்ததோடு சரி.

வேகத்தைத் தடுக்க ஹம்ப் போடச் சொல்லித் தெரு அசோசியேஷனில் கேட்டோம். கவுன்சிலர் வந்து பொறுமையாகப் பார்த்தார். மேலே அனுமதி வாங்கவேண்டும், ஆம்புலன்ஸ் போகும் வழி என்றால் யோசிப்பார்கள், பார்க்கலாம் என்பதை 'நோக்காம்' என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையில் ஒருவர் வீட்டு மராமத்துக்காக லாரியில் ஜல்லி வந்து தெருவின் ஒரு பக்கம் குவிந்தது. சற்றுத் தள்ளி மறுபக்கத்தில் வேன் ஒன்று நின்றது. அன்று முழுக்க வண்டிகள் வளைந்து வளைந்து ஊர்ந்துதான் போயின. ஜல்லியை அள்ளியதும் பழைய வேகம் வந்துவிட்டது. என் கணவர் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் அவர் சொன்னது இதுதான்: கார்களை ஒரே வரிசையில் விடாமல், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி நிறுத்தலாம். ஆம்புலன்ஸ் போக மட்டும் இடம் விட்டால் போதும். எல்லாருக்கும் யோசனை பிடித்திருந்தது. ஆனால் வண்டிகள் வேகம் எடுக்கிற இடமே மாமா வீட்டு வாசல்தான். அங்கே ஒரு கார் நின்றால்தான் மற்றவை பயன்படும். அதை யார் சொல்வது?

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, "உங்காத்துக் கார எங்காத்து வாசல்லயே விட்டுடுங்கோ. இரும்பு கேட்ட மட்டும் மறைக்காதீங்கோ, கேட்டோ" என்றார்.

என் கணவர், "சரி மாமா" என்றார்.

மறுநாளே காரை அங்கே நிறுத்தினோம். கேஸ் சிலிண்டர் லாரியை ஒரு தடவை போகவிட்டுப் பார்த்து இடைவெளியைச் சரிசெய்தோம். முதல் வாரம் சிலர் ஹார்ன் அடித்துத் தீர்த்தார்கள். ஒரு ஆட்டோ எங்கள் காரின் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. மாமா அதை நேராக்கிவிட்டு எங்களுக்குப் போன் செய்து சொன்னார். போகப்போக வேகம் அடங்கியது. சில வண்டிகள் வேறு வழி தேடிக்கொண்டன.

பெரிய சாலை திறந்த பிறகும் நாங்கள் கார்களை நிறுத்தும் முறையை மாற்றவில்லை. ஹம்ப் இன்னும் வரவில்லை. மாமிக்குக் கை முழுதாக மடங்குவதில்லை. கனமாக எதையும் தூக்கமாட்டாள். கடைக்குப் போகும்போது இப்போது நானும் கூடப் போகிறேன். பை என் கையில், பேச்சு அவளுடையது.