துண்டு வீசும் முன்னே

எங்கள் அண்ணன் காரைக்குடிப் பக்கம் மானகிரியில் பிறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். அதன்பின் அவர் பட்ட சிரமங்களில் பலவற்றுக்கு நானே காரணம். இந்த நினைவு மலரில் எழுதும் வேலையையும் அண்ணி என்னிடமே கொடுத்திருக்கிறார்.

அறுபதுகளில் அண்ணனுக்கு நீலகிரி உச்சியில் ஓர் அணையில் வேலை கிடைத்தது. தினமும் நீர்மட்டத்தை அளந்து குறிக்க வேண்டும். அண்ணி மூன்று மாதம் இருந்துவிட்டு இருமலோடு ஊர் திரும்பினார். அவருடைய தந்தை, எங்கள் மாமா, மறுபடி அனுப்ப மறுத்தார்.

“மீன் வாடையே இல்லாத ஊருல எம்மக என்னத்தத் திம்பா?”

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அணை நெறைய மீனு மாமா. நான் பிடிச்சு இலையில வச்சா உங்க மகள இங்க விட்டுட்டுப் போவீகளா?”

“வைங்க மாப்பிள்ளை, பாப்பம்.”

எங்களுக்குத் தெரிந்த மீன்பிடி ஒன்றுதான். கோடையில் கண்மாய் முழங்கால் அளவுக்கு வற்றும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசுவார். அதற்குப் பிறகே ஊத்தாவோடு இறங்கலாம். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியே கைவிட்டு அள்ள வேண்டும். தூண்டிலை நாங்கள் தொட்டதில்லை. ஆகவே அண்ணன் அணை வற்றக் காத்திருந்தார். தன் கையாலேயே அளந்தும், அது வற்றாது என்பதை அவர் மனம் ஏற்கவில்லை. “இன்னும் ரெண்டடி எறங்கட்டும்டா” என்று கடிதம் கடிதமாக எழுதினார். மூன்றாவது சித்திரையில் பொறுமை போய், எல்லோரையும் வரச் சொன்னார்.

மாமாவையும் அண்ணியையும் ஊத்தாவையும் நான்கு பேருந்து மாற்றி ஏற்றிப் போனேன். “கோழி எங்கய்யா?” என்று ஒவ்வொரு கண்டக்டரும் கேட்டார்.

அணைக்கரையில் அண்ணன் சொன்னார்: “மாமா, நீங்கதான் பெரியவுக. துண்டை வீசுங்க.”

மாமா குளிருக்குத் துண்டால் காதை மூடிக் கட்டியிருந்தார். “அவுத்தா செத்துப்போவேன் மாப்பிள்ளை.”

“வீசாம எப்பிடி எறங்குறது?”

“யாரு எறங்கச் சொன்னா?”

கால் மணி நேரம் இதுவே நடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஊத்தாவோடு குதித்துவிட்டேன். முதல் அடி முழங்கால் ஆழம். இரண்டாம் அடியில் தரையே இல்லை. அண்ணன் பாய்ந்து வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். ஊத்தா அணைக்குள் போயே போய்விட்டது.

இலையில் வைக்க மீன் இல்லை. மறுநாளே மாமா அண்ணியை அழைத்துக்கொண்டு கிளம்பினார். பேருந்தில் அண்ணி என் பக்கம் திரும்பி, “தம்பி, ஒரு மீனுக்கு அவசரப்பட்டு என்னையும் சேத்துல்ல தொலைச்சுப்புட்டீக” என்றார்.

காரைக்குடிக்கு மாற்றல் கிடைக்க அண்ணனுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை தனியாகப் பொங்கித் தின்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றும் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லித் தீர்த்திருப்பேன்.

பிறகு அண்ணியோடு சேர்ந்து வாழ்ந்தது சில ஆண்டுகளே. மலைக்குளிர் நெஞ்சில் தங்கி, அவரைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரியில் தூக்கி உட்கார வைத்த அரியக்குடிச் சொந்தங்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த பள்ளத்தூர் நண்பர்களுக்கும், கட்டிலை விட்டு நகராத மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசிக்கு முந்தைய நாள் அண்ணனுக்கு நினைவு தடுமாறியது. “மாமா துண்டை வீசிட்டாகளாடா?” என்று கேட்டார். மாமா பக்கத்தில்தான், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“இன்னும் இல்லண்ணே. எறங்கிராதீக.”

“சரி, நிக்கிறேன்” என்றார்.

மறுநாள் காலையிலும் மாமா துண்டை வீசவில்லை. அண்ணன் இறங்கிவிட்டார்.