மலைக்கு ஆகாத சிவப்புக் கார்

கார் விற்பது வாய் வேலை என்று நினைக்கிறார்கள். பதுளையில் அது கால் வேலை, யாரோ ஓட்ட இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும் வேலை. மனைவியோ மகனோ ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தை அழுத்தியவர் என்றால் நீங்களும் நம் கட்சிதான்.

போன வருஷம், நான் வேலை செய்யும் கார் சேல் கடைக்குச் சிவப்பில் ஒரு கார் வந்தது. தாழ்வான உடம்பு, மெனுவல் கியர், இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் சீட், பின்னால் ஒரு றெக்கை. எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், யாரும் வாங்கவில்லை. மலைக்கு ஆகாத கார் என்று முதலாளி முடிவுகட்டி, அடுத்த சனிக்கிழமை கொழும்புக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

றெக்கை

அந்த வாரம் முதலில் வந்தவர் வெலிமடை மரக்கறி வியாபாரி. காரை மூன்று சுற்று சுற்றினார். உள்ளே உட்கார்ந்து எஞ்சினை உறுமவிட்டபோது முகத்தில் பத்து வயது குறைந்தது. முடிந்தது என்றே நினைத்தேன். இறங்கி, பின்கதவைத் திறந்து, கையால் முழம் போட்டார். இரண்டு மூட்டை போகும் என்று சொன்னேன். அவர் மறுபடி முழம் போட்டார். பிறகு றெக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, றெக்க இருக்கு, சரி. லீக்ஸ் மூட்டைக்கு எடம் எங்க?"

அரை மணி நேரம்

புதன்கிழமை பின்னேரம் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மாவோடு வீடு. படிப்பிக்கிற ஸ்கூலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கொப்பித் தாளில் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெற்றோல் எவ்வளவு குடிக்கும், பார்ட்ஸ் பதுளையில் கிடைக்குமா, மழையில் வழுக்குமா, மாதம் ஒருமுறை அம்மாவை முழங்கால் கிளினிக்குக் கூட்டி வர வசதிப்படுமா. எல்லாக் கேள்விகளும் பக்கத்தில் நின்ற உயரமான வெள்ளை ஜீப்பையே காட்டின. அதைச் சொன்னேன். அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டார். கண் மட்டும் சிவப்பைவிட்டு நகரவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல நாப்பது பிள்ளைங்க. வீட்டுக்குப் போனா அம்மா. நடுவுல ரோட்டுல இருக்கிற அரை மணி நேரந்தான் அண்ணே எனக்கு. அதையாவது ஆசையா ஓட்டணும்."

பனி

மறுநாள் சிவப்புக் காரை அவர் ஓட்டிப் பார்க்க டெஸ்டுக்குப் போனோம். அப்புத்தளை ஏற்றத்தில் பனி இறங்கி, முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. பின்னால் ஒரு லொறி நெருங்கி நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். இந்த இடத்தில் மெனுவல் கார் பின்னால் உருண்ட கதைகள் எனக்கு நிறையத் தெரியும். டீச்சர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டார். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. பஸ் போன பிறகும் நான் பாதத்தை அழுத்தியபடியே இருந்திருக்கிறேன்.

"அண்ணே, நீங்க கால எடுத்தாத்தான் நான் போகலாம்."

கான்

அவருடைய தோட்டத்து வழியில் மழைத்தண்ணீர் போக ஒரு கான் குறுக்கே வெட்டியிருக்கிறது. முதல் தடவை காரின் முன்பக்கம் உரசியது. கொழுந்து நிறுக்கக் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் பின்னால் எடுத்து, காரைச் சரித்து, ஒவ்வொரு சில்லாக இறக்கி ஏற்றினார். இரண்டாம் தடவை சத்தமே இல்லை.

நான் அங்கேயே வாயை மூடியிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. கான் பரவாயில்லை, ஆனால் முழங்கால் வலிக்காரர் இவ்வளவு தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழும்புவது கஷ்டம், அம்மாவுக்கு உயரமான வண்டிதான் நல்லது என்று விளக்கினேன். அவர் ஸ்டியரிங்கை இரண்டு தரம் தடவினார். எஞ்சினை நிறுத்தினார்.

"சரிண்ணே. வெள்ளையவே எழுதுங்க."

கிளினிக் நாள்

வெள்ளிக்கிழமை கிளினிக் முடிந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு கையெழுத்துப் போட வந்தார். அன்னம்மா, தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். வெள்ளை ஜீப்பின் கதவை மரியாதையாகத் திறந்துவிட்டேன். நல்ல காலைத் தூக்கி வைத்தார், மற்றக் கால் வர மறுத்தது. நான் முழங்கையைப் பிடிக்க, மகள் பின்னாலிருந்து தள்ள, பாதியில் தொங்கிக்கொண்டிருந்த அன்னம்மா இறக்கிவிடும்படி சொன்னார்.

இறங்கியவர் யாரையும் கேட்காமல் சிவப்புக் காருக்குப் போனார். அதற்கு முதுகைக் காட்டி நின்று அப்படியே உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்தார். எழும்புவதில்தான் சிக்கல் என்று நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கால்களை வெளியே போட்டு, கூடைப் பாரத்தைச் சுமந்து எழும்புகிற மாதிரி உடம்பை முன்னால் சாய்த்து, நேராக எழுந்து நின்றார். என் கை நீட்டியபடியே இருந்தது.

பஸ் படியில் ஏறி ஏறித்தான் முட்டி போனது, அதைவிட உயரமாக ஒன்றை வாங்கித் தரப் பார்க்கிறாளே என்று மகளைப் பற்றி என்னிடம் முறையிட்டார். இத்தனை நாளும் அவருக்காக நாங்கள் இரண்டு பேரும் யோசித்தோம், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளை ஜீப் என்று எழுதிய தாளை டீச்சர் கிழித்தார்.

கடைசியாக ஒரு ஓட்டம் போய் வந்தோம். அன்னம்மா இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தார், நான் முதல் தடவையாகப் பின்னால். வளைவுகளில் அவர் பாதத்தைப் பார்த்தேன், அசையவே இல்லை. அம்மா இருக்கிறாரே என்று டீச்சர் பயந்து பயந்து ஓட்டினார். மூன்றாவது வளைவில் அன்னம்மா மகள் பக்கம் திரும்பினார்.

"ஏன்டி ஊர்ற? பஸ்ஸே முந்திக்கிட்டுப் போவுது. வெரசாப் போ."

இடப்பக்க சீட்டில் சரியான ஆள் உட்கார்ந்துவிட்டால் கார் தானாகவே விற்றுப்போகும் என்பதும், அந்த ஆள் நானில்லை என்பதும் இந்தத் தொழிலில் நான் கற்றவை.